பெண்கள் மட்டும் போகும் மலைப் பயணமும் கழிப்பறைக் கணக்கும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆண்டுதோறும் கோடை நெருங்கும்போது கொடைக்கானலிலும் நீலகிரியிலும் எத்தனை வாகனங்கள் ஏறின, எத்தனை மணி நேரம் வரிசையில் நின்றன, இ-பாஸ் இல்லாமல் எத்தனை பேர் திருப்பி அனுப்பப்பட்டார்கள் என்ற செய்திகளைத் தங்கள் நாளிதழில் தவறாமல் வாசித்து வருகிறேன். அவற்றில் வாகனத்துக்குள் இருப்பவர்களைப் பற்றி, குறிப்பாக ஆண் துணை இல்லாமல் தாங்களாகவே கூடி மலைக்குப் புறப்படும் பெண்களைப் பற்றி, ஏதும் வருவதில்லை என்பது என் நெடுநாள் குறை. சென்ற ஆவணி மாதக் கடைசியில் மதுரையிலிருந்து பதினொரு பெண்கள் கொடைக்கானல் மேல்மலையிலுள்ள பூம்பாறைக்குப் போய், இரண்டு இரவு தங்கித் திரும்பினோம். அதைத் திட்டமிட்ட மூன்று மாதங்களில் எங்கள் மூளையை அதிகம் தின்றது எது என்று சொன்னால் தங்கள் வாசகர்களில் ஆண்கள் சிரிக்கக்கூடும்; பெண்கள் சிரிக்க மாட்டார்கள்.

எங்களைப் பற்றி இரண்டு வரி சொல்லிவிடுகிறேன். பதினொரு பேரும் தொலைபேசி இணைப்பகத்தில் ஆப்பரேட்டர்களாக வேலை பார்த்தவர்கள். ஆர்டினரி, அர்ஜென்ட், லைட்னிங் என்று, ஆப்பரேட்டர் வழியே போடும் வெளியூர் அழைப்புகளான ட்ரங்க் கால்களுக்குத் தனித்தனிக் கட்டணம் இருந்த காலத்தில் வேலைக்குச் சேர்ந்து, கைப்பேசி வந்து எங்கள் பலகைகளை மூட்டை கட்டியதைக் கண்ணால் பார்த்தவர்கள். எங்களில் ஏழு பேர், 2020 ஜனவரி 31 அன்று நாடு முழுவதும் பி.எஸ்.என்.எல். ஊழியர்கள் 78 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் ஒரே நாளில் விருப்ப ஓய்வு பெற்றார்களே, அந்தக் கூட்டத்தோடு வீட்டுக்கு வந்தவர்கள். மற்ற நால்வர் அதற்கு முன்பே வயது நிறைந்து ஓய்வு பெற்றவர்கள். இளையவருக்கு 59, மூத்தவருக்கு 71. வேலையில் இருந்தவரை கொடைக்கானலுக்கு ஆயிரக்கணக்கான முறை இணைப்புக் கொடுத்திருக்கிறோம். எங்களில் நால்வர் அந்த ஊரைப் பார்த்ததே இல்லை. மாதம் 200 ரூபாய் வீதம் ஓராண்டு சேர்த்த பணத்தில், ஆளுக்கு 2,400 ரூபாய்ச் செலவில் போய்வருவது என்று முடிவெடுத்தோம்.

நாள் குறிப்பதில் பெரிய சிரமம் இல்லை. ஏப்ரல், மே மாதங்களில் போனால் மலையைப் பார்ப்பதற்குப் பதிலாக முன்னால் நிற்கும் வண்டியின் பின்கண்ணாடியைத்தான் பார்க்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை. மண்சரிவு என்றால் பாதையில் மாட்டிக்கொள்வோம். மார்கழி, தை மாதங்களில் மேல்மலையில் உறைபனி விழும். எங்கள் மூட்டுகள் அதற்கு உடன்படவில்லை. மாசி, பங்குனி என்று யாரோ சொன்னபோது எங்கள் பிள்ளைகள் ஒரே குரலில் குரங்கணியை நினைவூட்டினார்கள். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையில் மூண்ட காட்டுத்தீயில் மலையேறச் சென்ற 20க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். அவர்களில் பலர் இளம்பெண்கள். அந்த வாரம் எங்கள் வீடுகளில் தொலைக்காட்சியை அணைக்க யாருக்கும் மனம் வரவில்லை. ஆனால் அந்தத் துயரத்தை, பெண்கள் தனியாக மலைக்குப் போகக் கூடாது என்பதற்குச் சான்றாகக் காட்டுவதை நான் ஏற்கவில்லை. புல் காய்ந்து கிடக்கும் மாதத்தில் தீ பற்றினால் அது ஆண், பெண் பார்ப்பதில்லை. அதற்குப் பிறகு மலையேற்றத்துக்கு விதிகள் வந்தன. 2024இல் தமிழக அரசே 14 மாவட்டங்களில் 40 பாதைகளைத் தேர்ந்தெடுத்து, வழிகாட்டியோடு அழைத்துச்செல்லும் திட்டத்தைத் தொடங்கி, காட்டுத்தீக் காலத்தில் அவற்றை மூடியும் வைக்கிறது. சரியான பாடத்தை அரசு கற்றிருக்கிறது. வீடுகளில்தான் வேறு பாடம் ஓடுகிறது. நாங்கள் மலையேறப் போகவில்லை, காட்டுக்குள் கால் வைக்கப் போவதில்லை, ஒரு கிராமத்தில் உட்கார்ந்து மூச்சுவிடப் போகிறோம் என்று எடுத்துச் சொல்லி ஆவணிக் கடைசியை, அதிலும் கூட்டமில்லாத செவ்வாய், புதன், வியாழனைப் பிடித்தோம்.

எதில் போவது என்பதிலும் விரைவில் தெளிவு பிறந்தது. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கும் நீலகிரிக்கும் சொந்த வாகனங்களிலும் வாடகை வாகனங்களிலும் போவோருக்கு இ-பாஸ் கட்டாயம். 2025 கோடையில் கொடைக்கானலுக்கு வார நாளில் 4,000 வாகனங்கள், வார இறுதியில் 6,000 வாகனங்கள் என்று உச்சவரம்பும் வைத்தார்கள். அரசுப் பேருந்தில் போவோருக்கு இ-பாஸ் வேண்டியதில்லை. பதினொரு பேரும் பேருந்தில் ஏறிவிட்டால் மலையில் இரண்டு கார்களோ ஒரு வேனோ குறையுமே என்ற எண்ணமும் எங்களுக்கு இருந்தது. வேன் வாடகையைக் கேட்டவுடன் அந்த எண்ணம் மேலும் உறுதிப்பட்டது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

இனி நான் எழுத வந்த விஷயம். எங்கள் திட்டத் தாளை வகுத்தவர், முப்பது ஆண்டுகள் எங்களுக்கு ஷிப்ட் போட்டுக் கொடுத்த மேற்பார்வையாளர் அக்கா. கோடு போட்ட முழுத்தாளில் இடப்பக்கம் ஆரப்பாளையம், வத்தலக்குண்டு, மலைப்பாதை, கொடைக்கானல், பூம்பாறை என்று எழுதி, நடுவில் நேரம் எழுதி, வலப்பக்கத்தில் ‘வசதி’ என்று தலைப்பிட்டு ஒரு கட்டம் விட்டிருந்தார். எங்களில் மூவர் சர்க்கரை நோயாளிகள். இருவர் இரத்த அழுத்தத்துக்காகச் சிறுநீர் பிரியும் மாத்திரை எடுப்பவர்கள். குளிரில் எல்லோருக்குமே சிறுநீர் கூடுதலாகப் பிரியும். ஆரப்பாளையத்திலிருந்து கொடைக்கானல் நான்கு மணி நேரம். அங்கே அடுத்த பேருந்துக்குக் காத்திருந்து பூம்பாறை போய்ச் சேர இன்னும் ஒன்றரை மணி நேரம். எந்த அருவியைப் பார்ப்பது, எங்கே பலகாரம் சாப்பிடுவது என்பதெல்லாம் கடைசி வாரம் பேசிக்கொண்டவை. மூன்று மாதமும் நிரம்பாமல் இருந்தது அந்த வலப்பக்கக் கட்டம்தான்.

அதை நிரப்ப நாங்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. முன்பு போய்வந்த உறவினர்களைக் கேட்டோம். ஆண்கள், “அதெல்லாம் வழியில நிறுத்துவாங்க” என்றார்கள். பெண்கள் சற்று யோசித்துவிட்டு, “நான் தண்ணியே குடிக்கல” என்றார்கள். ஒருவர் அல்ல, கேட்ட ஒன்பது பெண்களில் ஏழு பேர் இதையே சொன்னார்கள். மலைப் பயணம் என்றால் முதல் நாள் இரவே தண்ணீரை நிறுத்திவிட வேண்டும் என்பதை, ஸ்வெட்டர் எடுத்து வைப்பதைப் போல ஒரு முன்னேற்பாடாகவே நம் பெண்கள் பழகியிருக்கிறார்கள். சிறுநீரை அடக்குவதாலும் தண்ணீரைத் தவிர்ப்பதாலும் தொற்று வரும் என்று எங்கள் மருத்துவர் தனியே எச்சரித்திருந்தார். ஒரு வேளை மாத்திரையைத் தள்ளிப் போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டதற்கு அவர் பார்த்த பார்வையை, கேட்ட தோழி இன்னும் மறக்கவில்லை.

புறப்பட்ட அன்று மலைப்பாதையில் ஒரு தேநீர்க் கடையருகே பேருந்து பத்து நிமிடம் நின்றது. ஆண்கள் இறங்கிச் சாலையோரச் சுவரை ஒட்டிப் பள்ளத்தாக்கைப் பார்த்தபடி நின்றார்கள்; இரண்டு நிமிடத்தில் அவர்கள் வேலை முடிந்து கையில் டீ வந்துவிட்டது. பெண்களுக்கென்று கடைக்குப் பின்னால் தகரத்தில் ஓர் அறை இருந்தது. அது பூட்டியிருந்தது. சாவி கல்லாவில். கல்லாவில் இருந்தவர், எங்களைப் பார்க்காமலே, ஆளுக்குப் பத்து ரூபாய் என்றார். பத்து ரூபாய் கொடுப்பதில் எங்களுக்குத் தயக்கமே இல்லை. உள்ளே தாழ்ப்பாள் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சணல் கயிறு தொங்கியது. அதை உள்ளிருந்து ஒரு கையால் இழுத்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். தண்ணீர் வெளியே ஒரு டிரம்மில் இருந்தது. மக்கை நிரப்பிக்கொண்டு போக இன்னொரு கை வேண்டும். மூட்டுவலிக்காரர் தரையைத் தொட்டு எழுந்திருக்க மூன்றாவது கை தேவைப்பட்டது. ஆகவே ஒருவர் உள்ளே போனால் ஒருவர் வெளியே கதவில் முதுகைச் சாய்த்து நிற்பது என்று ஏற்பாடு செய்துகொண்டோம். பத்து நிமிடம் முடிந்து நடத்துநர் விசில் அடித்தபோது எட்டுப் பேர்தான் போய்வந்திருந்தோம். மற்ற மூவர், “பரவாயில்ல, கொடைக்கானல்ல பாத்துக்கலாம்” என்று ஏறிக்கொண்டார்கள். அதற்குச் சற்று முன்னர்தான் டம்டம் பாறையைத் தாண்டி, எதிர் மலையில் வெள்ளைக் கோடாக இறங்கும் எலிவால் அருவியைப் பார்த்து எல்லோரும் குழந்தைகளாகக் கூவியிருந்தோம். அதற்குப் பிறகு கொடைக்கானல்வரை அந்த மூவரும் சன்னல் பக்கமே திரும்பவில்லை.

கொடைக்கானலிலிருந்து பூம்பாறைக்கு ஏறத்தாழ 20 கிலோமீட்டர். மன்னவனூர், கிளாவரை போகும் பேருந்துகள் அவ்வழியே செல்கின்றன. 2021 மே மாதம் தொடங்கிய மகளிர் கட்டணமில்லாப் பயணத் திட்டத்தை, 2024இல் கொடைக்கானல், நீலகிரி, வால்பாறை போன்ற மலைப்பகுதிகளுக்கும் அரசு நீட்டித்ததால், நடத்துநர் பதினொரு இலவசப் பயணச்சீட்டுகளைக் கிழித்துக் கொடுத்தார். எங்களுக்கு அது சில ரூபாய் மிச்சம், அவ்வளவே. எங்களோடு ஏறிய மேல்மலைப் பெண்களுக்கோ அது பெரிய விஷயம் என்பது, மடியில் கூடையை வைத்துக்கொண்டு அவர்கள் பேசிவந்ததிலேயே தெரிந்தது. டிக்கெட் இலவசமான பிறகு வாரத்துக்கு ஒருமுறை போனவர்கள் இருமுறை போகிறார்கள். காரட்டையும் பீன்ஸையும் தாங்களே கொண்டுபோய் விற்கிறார்கள். ரேஷன் கார்டு வேலை, ஆஸ்பத்திரி வேலை என்று கணவரை எதிர்பார்க்காமல் இறங்கிவிடுகிறார்கள். என் பக்கத்தில் அமர்ந்திருந்த அம்மாவிடம், டவுனில் பாத்ரூமுக்கு என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். “காலைல ஏழு மணிக்கு வீட்ல போனா, சாயங்காலம் வீட்டுக்கு வந்துதான்” என்றார். சந்தைக்குப் போவதைச் சொல்வதைப் போலவே சொன்னார். நாங்கள் ஆண்டுக்கு ஒருமுறை படும் பாட்டை அவர் வாரத்துக்கு இருமுறை படுகிறார் என்பது அப்போதுதான் உறைத்தது. சுற்றுலாப் பயணிகளுக்கு வசதி கேட்கிறேன் என்று நினைத்துத்தான் இந்தக் கடிதத்தை மனதுக்குள் எழுதத் தொடங்கியிருந்தேன். அந்த அம்மாவைச் சந்தித்த பிறகு கோரிக்கையின் முகவரி மாறிவிட்டது.

தங்குமிடத்துக்கு வருகிறேன். பயணத்துக்கு ஒரு மாதம் முன்பு மூன்று விடுதிகளை அழைத்தேன். அவற்றின் பெயர்கள் இங்கே தேவையில்லை. மூன்றிலும் உரையாடல் ஒன்றுபோலவே இருந்தது. “எத்தனை பேர் மேடம்?” பதினொரு பேர். “ஃபேமிலியா?” இல்லை, தோழிகள். “ஜென்ட்ஸ் யாரும் வரலையா?” வரவில்லை. இங்கே ஒரு மௌனம். பிறகு, “லேடீஸ் மட்டும்னா நாங்க பொறுப்பெடுத்துக்க முடியாது மேடம்.” எதற்கான பொறுப்பு என்று நான் கேட்டதற்கு முதலாமவர் இணைப்பைத் துண்டித்தார்; இரண்டாமவர், அக்கம்பக்கத்து அறைகளில் குடித்துவிட்டு யாராவது தொந்தரவு செய்தால் என்ன செய்வது என்றார். குடித்துவிட்டுத் தொந்தரவு செய்பவருக்கு அறை உண்டு, தொந்தரவுக்கு ஆளாகக்கூடியவருக்கு இல்லை என்ற அந்தக் கணக்கை நான் ஒருமுறை திருப்பிச் சொல்லும்படி கேட்டேன். வாழ்நாளெல்லாம் “திரும்பச் சொல்லுங்கள், கேட்கவில்லை” என்று சொல்லிப் பழகிய குரல் இது. அவர் திரும்பச் சொல்லவில்லை. மூன்றாமவர் மிகவும் தன்மையாக, யாராவது ஒருவரின் கணவர் மட்டும் வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுத் திரும்பிப் போனாலும் போதும் என்றார். நகரமே உறங்கிக்கொண்டிருந்த இரவுகளில் காவல் நிலையத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் தீயணைப்பு நிலையத்துக்கும் இணைப்புக் கொடுத்தபடி விழித்திருந்த பதினொரு பேருக்கு, இந்த வயதில் ஒரு கையெழுத்து தேவைப்படுகிறது.

வயது வந்த பெண்கள் தங்குவதற்கு ஆணின் கையெழுத்து வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. அடையாள அட்டை கேட்கட்டும், முகவரி கேட்கட்டும், கொடுக்கிறோம். விடுதிக்காரரின் அச்சத்தை நான் முழுக்கப் புறந்தள்ளவும் இல்லை. கொடைக்கானலில் போதைக்காளான் விற்பனையும் அனுமதியற்ற கூடாரங்களும் பற்றிய செய்திகளை நாங்களும் படிக்கிறோம். 2021 ஜனவரியில் வயநாட்டில் மேப்பாடி அருகே கூடாரத்தில் தங்கிய இளம்பெண்ணை யானை தாக்கிக் கொன்றதையும் மறக்கவில்லை. ஆகவேதான் கூடாரம் வேண்டாம், ஆறு மணிக்கு மேல் வெளியே வேண்டாம், குளிருக்காக அறைக்குள் கரி அடுப்பை மூட்டிவைத்துக் கதவைச் சாத்துவது கூடவே கூடாது என்றெல்லாம் எங்களுக்கு நாங்களே விதி போட்டுக்கொண்டோம். மூடிய அறையில் கரி புகைந்தால் உண்டாகும் நச்சு வாயுவுக்கு மணமும் கிடையாது, நிறமும் கிடையாது. தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். பெண்கள் உதவி எண் 181ஐ பதினொரு கைப்பேசிகளிலும் பதிந்துகொண்டோம். இவ்வளவு முன்யோசனையோடு வருகிறவர்களைத் திருப்பி அனுப்பிவிட்டு, அவசரத்தில் கிடைத்த மூலையில் ஒதுங்க வைப்பதுதான் ஆபத்து.

கடைசியில் பூம்பாறையிலேயே ஒரு வீட்டில் இடம் கிடைத்தது. பூண்டு விவசாயம் செய்யும் குடும்பம். மாடியில் இரண்டு அறைகளைப் பயணிகளுக்கு விடுகிறார்கள். ‘ஜென்ட்ஸ் வரலையா’ என்று அந்த வீட்டம்மா கேட்கவே இல்லை, “வெந்நீர் எத்தன வாளி வேணும்?” என்றுதான் கேட்டார். ஏறத்தாழ 1,900 மீட்டர் உயரத்தில், படிக்கட்டுகளைப் போல இறங்கும் வயல்களுக்கு நடுவே நெருக்கமாக அமைந்த ஊர் அது. அங்கு விளையும் மலைப்பூண்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அறுவடை செய்த பூண்டைத் தண்டோடு கட்டுக்கட்டாகச் சேர்த்து, அடுப்புக்கு மேலே பரணில் தொங்கவிட்டிருந்தார்கள். புகை படப்பட அது கெடாமல் நிற்கும் என்றும், நல்ல கட்டுகளை விதைக்கு ஒதுக்கிவிட்டு மற்றவை வடுகபட்டிச் சந்தைக்கு இறங்கும் என்றும் சொன்னார். எங்கள் கம்பளியிலும் தலையணையிலும் அந்த மணம் ஏறியிருந்தது. மதுரைக்கு வந்து இரண்டு முறை அலசியும் என் சால்வையை விட்டு அது போகவில்லை, போக வேண்டும் என்று எனக்குத் தோன்றவும் இல்லை. மறுநாள் காலை குழந்தை வேலப்பரைத் தரிசித்தோம். பழனியைப் போலவே இங்கும் போகர் நவபாஷாணத்தால் வடித்த திருமேனி என்பது ஊராரின் நம்பிக்கை. மாலையில் வீட்டுக்குத் திரும்பும்போது சரிவில் ஒரு காட்டெருமை மேய்ந்துகொண்டிருந்தது. அந்த வீட்டுச் சிறுமி, ஓடாதீர்கள், அசையாமல் நில்லுங்கள் என்று சைகை காட்டினாள். பத்து நிமிடம் பதினொரு பாட்டிகளும் சிலையாக நின்றோம். இணைப்பகத்தில்கூட நாங்கள் அவ்வளவு நேரம் பேசாமல் இருந்ததில்லை.

அந்த வீட்டம்மாவிடம், உங்கள் வீட்டைச் சுற்றுலாத் துறையில் பதிவுசெய்து, பெண்கள் தங்க ஏற்ற வீடு என்று நாலு பேருக்குத் தெரியும்படி செய்யலாமே என்று கேட்டேன். எழுதப் படிக்கத் தெரிந்தவர், சுய உதவிக் குழுவில் பத்தாண்டுகளாகக் கணக்கெழுதுபவர். “பட்டா மாமனார் பேர்ல இருக்கு. அவர் போயி எட்டு வருஷமாச்சு. பேர் மாத்தணும்னா அண்ணன் தம்பி நாலு பேரும் ஒத்து வரணும்” என்றார். வீட்டைப் பெருக்கி, வெந்நீர் போட்டு, பதினொரு பேருக்குச் சமைத்து, கழிப்பறையைப் பளிச்சென்று வைத்திருப்பவர் அவர். விண்ணப்பத்தில் எழுத அவர் பெயருக்கு இடமில்லை. அந்தக் கழிப்பறையைப் பற்றி ஒரு வரி சொல்லத்தான் வேண்டும். தாழ்ப்பாள் இருந்தது, பல்பு இருந்தது, மாட்டுவதற்கு ஆணி இருந்தது, மூடியுள்ள குப்பைக்கூடை இருந்தது. எங்கள் மேற்பார்வையாளர் அக்கா தாளை எடுத்து வலப்பக்கக் கட்டத்தில் பெரிதாக ஒரு டிக் போட்டார். மூன்று நாள் பயணத்தில் மனமாரப் போட்ட டிக் அது ஒன்றுதான்.

இதிலிருந்துதான் என் கோரிக்கை பிறக்கிறது. மலைப்பாதை நிறுத்தங்களிலும் மேல்மலை, கீழ்மலைப் பேருந்துகள் நிற்கும் இடங்களிலும் பெண்களுக்கான கழிப்பறைகளைக் கட்டி, அவற்றை அந்தந்த ஊர் மகளிர் சுய உதவிக் குழுக்களிடம் ஒப்படைக்க வேண்டும். 1989இல் தருமபுரியில் தொடங்கிய இந்தக் குழுக்கள் வங்கிக் கடனையே பிசகாமல் நிர்வகிக்கக் கற்றவை. ஒரு சாவியை நிர்வகிக்கத் தெரியாதவை அல்ல. கட்டணம் வாங்கட்டும். எங்களைப் போன்ற வெளியூர்க்காரர்களிடம் பத்துக்குப் பதில் இருபது வாங்கினாலும் கொடுப்போம். உள்ளூர்ப் பெண்களுக்கு, டிக்கெட்டைப் போலவே, அதுவும் இலவசமாக இருக்கட்டும். முதல் பேருந்து முதல் கடைசிப் பேருந்து வரை திறந்திருக்க வேண்டும் என்பது மட்டும் எழுத்தில் இருக்க வேண்டும். கட்டிடம் கட்டித் திறப்பு விழா நடத்திப் பூட்டிவைப்பதில் நமக்கு அனுபவம் போதிய அளவு இருக்கிறது என்பதால் இதை வலியுறுத்துகிறேன்.

இ-பாஸ் வாங்குகிறவர்களிடம் எத்தனை பேர், எத்தனை நாள், எங்கே தங்கல் என்று அரசு கேட்கிறது. அந்தப் பக்கத்திலேயே, வழியில் எந்த நிறுத்தத்தில் பெண்களுக்குக் கழிப்பறை திறந்திருக்கிறது, எந்தத் தங்குமிடங்கள் பதிவு பெற்றவை, மேல்மலையிலிருந்து இறங்கும் கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என்பதைத் திருப்பிச் சொல்ல அதிகச் செலவாகாது. பேருந்தில் போவோருக்கு இதே விவரத்தை நிலையத்தில் ஒரு பலகையில் எழுதிவைத்தால் போதும். கடைசிப் பேருந்தின் நேரத்தை நாங்கள் மூன்று பேரிடம் கேட்டு மூன்று விடைகளைப் பெற்றோம். மலைகளின் தாங்குதிறனைக் கணக்கிட சென்னை ஐ.ஐ.டி.யையும் பெங்களூரு ஐ.ஐ.எம்.மையும் உயர் நீதிமன்றம் ஈடுபடுத்தியிருக்கிறது. எத்தனை வாகனங்களைத் தாங்கும் என்று எண்ணும்போது, ஏறிவரும் பெண்களுக்கும் அங்கேயே வாழும் பெண்களுக்கும் எத்தனை கழிப்பறைகள் இருக்கின்றன என்பதையும் அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

விடுதிகள் விஷயத்தில், பெண்கள் என்ற ஒரே காரணத்துக்காக அறை மறுக்கும் உரிமம் பெற்ற விடுதிகளைப் பற்றிப் புகார் தெரிவிக்க மாவட்ட நிர்வாகம் ஓர் எண்ணை அறிவிக்கலாம். நகரங்களில் பணிபுரியும் பெண்களுக்குத் தோழி விடுதிகளை வெற்றிகரமாக நடத்தும் அரசு, கொடைக்கானலிலும் அப்படி ஒன்றைப் பயணம் வரும் பெண்களுக்காக ஏன் நடத்தக்கூடாது? பட்டா யார் பெயரில் இருந்தாலும், வீட்டை நடத்தும் பெண்ணின் பெயரிலோ அவர் சார்ந்த குழுவின் பெயரிலோ வீட்டுத் தங்கலைப் பதிவுசெய்ய விதி தளர்த்தப்பட்டால், பூம்பாறை அம்மாவைப் போன்ற பலர் வெளிச்சத்துக்கு வருவார்கள்.

இன்னொன்றும் சொல்ல விட்டுப்போயிற்று. 5 லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களுக்குக் கொடைக்கானலில் 20 ரூபாய் பசுமை வரி விதிப்பதை முழுமனதோடு ஆதரிக்கிறேன். நாங்கள் எவர்சில்வர் பாத்திரங்களில் தண்ணீரும் சம்படங்களில் புளியோதரையும் கொண்டுபோய், ஒரு காகிதத்தைக்கூட மலையில் விடாமல் திரும்பினோம். ஆனால் பாட்டிலை நிரப்பிக்கொள்ளும் குழாய் எங்கே இருக்கிறது என்பதும் அதே பலகையில் எழுதப்பட வேண்டும். நிரப்பிய தண்ணீரைக் குடிக்கும் துணிச்சல் பெண்களுக்கு எப்போது வரும் என்பதற்கு இதுவரை எழுதியதே விடை.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். தங்கள் செய்தியாளர்களில் ஒரு பெண்ணை, ஒரு வார நாளில், வத்தலக்குண்டிலிருந்து மன்னவனூர் வரை அரசுப் பேருந்தில் அனுப்பிவையுங்கள். காலையில் புறப்படும்போது வழக்கம்போலத் தண்ணீர் குடித்துவிட்டு அவர் ஏற வேண்டும். வழியில் எந்தெந்த இடத்தில் இறங்க முடிந்தது, எங்கே கதவு பூட்டியிருந்தது, எங்கே தாழ்ப்பாள் இருந்தது என்பதை ஊர் பெயரோடு பட்டியலாக அச்சிடுங்கள். 2030இல் மீண்டும் குறிஞ்சி பூக்கும். அதைப் பார்க்கப் போவது என்று பதினொரு பேரும் இப்போதே பேசி வைத்திருக்கிறோம். மூத்த அக்காவுக்கு அப்போது வயது 76 ஆகியிருக்கும். அவர் அந்தப் பட்டியலைக் கத்தரித்துத் திட்டத் தாளின் வலப்பக்கத்தில் ஒட்டிக்கொள்ளத் தயாராக இருக்கிறார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தொலைபேசி ஆப்பரேட்டர்,
மதுரை.